ஆறாவது நிமிடத்தில் எழுந்த கோடு

பழனிசெட்டிபட்டியில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் மாதிரிப் பைகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருடைய பழம் என்று தெரிந்து சோதிக்கக் கூடாது. ஆனால் அன்று வந்த திராட்சைப் பையின் வாய் வாழைநாரால் இரட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தது. அப்படி இடக்கையால் கட்டுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். அவரோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

மருந்தின் மிச்சம் வரம்பு மீறாமல் தேறினால் பழம் கப்பலேறும். இரண்டு வருடமாக விளைச்சலை மழை தின்றிருந்தது. இதுவும் போனால் தோட்டத்தை விற்றுவிடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

ஹெச்.பி.எல்.சி. மிஷினில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. ஒரு சிறிய இரும்புக் குழாய்க்குள் மாவைவிட நைசான தூளை இறுக்கி அடைத்திருக்கும். பழச்சாற்றை வடித்து ஒரு துளி ஏற்றினால் பம்ப் கரைசலை விட்டு அழுத்தித் தள்ளும். சந்தைத் தெருவில் கடைக்குக் கடை நிற்கிறவர் பிந்தி வருவதுபோல, தூளோடு ஒட்டுகிற பொருள் தாமதமாக வெளியே வரும், ஒட்டாதது முந்திவிடும். வந்ததும் திரையில் கோடு மலையாக எழும். எழும் நிமிடம் இன்ன பொருள் என்று சொல்லும், மலையின் பரப்பு எவ்வளவு என்று சொல்லும். நாங்கள் தேடிய பூஞ்சண மருந்துக்கு ஆறாவது நிமிடம்.

ஐந்து வரை கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறில் எழுந்தது.

ஊசியில் பழைய மிச்சம் இருக்கும் என்று வெறும் கரைசலை ஏற்றினேன். கோடு படுத்தே கிடந்தது. பழத்தைப் புதிதாக அரைத்து ஏற்றினேன். அதே ஆறு. அவருக்குப் போன் போட்டேன்.

"மருந்து அடிச்சீகளா?"

"ஒரு மாசமா டேங்கைத் தொடல புள்ள, சத்தியமா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீதான பாக்குற. கொஞ்சம் கொறச்சுக் காட்டக் கூடாதா?"

முடியும். திரையில் மலை நிற்கும் அடிக்கோட்டைச் சற்று மேலே இழுத்தால் மலை குன்றாகிவிடும். கை அதுவரை போனது. பொய் சத்தியம் பண்ணுகிறாரே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரம்பு மீறி வந்த அளவை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொழுது சாயத் தோட்டத்துக்குப் போனேன். வியாபாரியின் லாரி எங்கள் பழத்தை விட்டுவிட்டுக் குமுளி மலை ஏறியிருந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"பழம் தேறிருச்சா ஆத்தா? போன வாரம் மழை மூட்டமா இருந்துச்சுல்ல, எங்க கொடிக்கு அடிச்சதுல டேங்குல மருந்து மிச்சம் கெடந்துச்சு. கீழ ஊத்த மனசு வரல. இங்கன பாதையோரமா ஒங்க கொடிக்கும் நாலு வரிசை அடிச்சுவிட்டேன். சொல்ல மறந்துட்டேன்."

மாதிரிக் குலைகளை என் வீட்டுக்காரர் அறுத்தது அந்த வரிசையில்தான். அவர் என்னைப் பார்த்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

"மழையில பழம் வெடிச்சுப்போச்சுண்ணே," என்றார். "அதான் எடுக்காம போயிட்டாக."

பக்கத்துத் தோட்டத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். காலையில் ஒரு கோட்டைக் குறைத்துக் காட்டாத நான், "ஆமா மாமா" என்றேன்.