நான் வெச்ச ஜன்னல்ல பனியன் துணி

நான் டிசைன் பண்ணுன ஜன்னல் எட்டையும் வேஸ்ட் பனியன் துணி வெச்சு அடைச்சுட்டாங்க.

ஒண்ணு ரெண்டு இல்லீங்க, எட்டும்.

நான் ஆர்க்கிடெக்சர் காலேஜ்ல வாத்தியார். பில்டிங்குக்குள்ள சூட்ட எப்படிக் கொறைக்கறதுங்கறதுதான் என்ற பாடம், ஆராய்ச்சி எல்லாமே. (எங்க ஊட்ல ஏசி இருக்குதான்னு யாரும் கேக்காதீங்க.)

சாமளாபுரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. ஷீட் கூரை. போன கோடையில ஒரு டெய்லர் மெஷின் மேலயே மயங்கி விழுந்துட்டாங்க. அதுக்கப்பறம்தான் ஓனர் என்னையக் கூப்பிட்டாரு.

மேக்குச் செவுத்துல, மெஷின் டேபிள் உசரத்துக்கு, வரிசையா ஜன்னல் வெச்சுக் குடுத்தேன்.

இந்தக் கோடையில போய்ப் பார்த்தா, பழைய சூடு அப்படியே இருக்குது.

"ஏனுங்க மேடம், நீங்க தொறந்து வெச்சீங்க, அவங்க அடைச்சுட்டாங்க. நான் யார்கிட்டப் போய்ப் பேசறது?"ன்னாரு ஓனர்.

எனக்குக் கோவம் வரல. ஏன் அடைச்சாங்கன்னு தெரிஞ்சே ஆகணும்னு இருந்துச்சு.

யாருங்க அடைச்சதுன்னு கேட்டேன். ஓவர்லாக் மெஷின்ல இருந்த மாரியம்மாக்கா கையத் தூக்குனாங்க. சங்கரன்கோயில்காரங்க. (முகத்துல துளி பயமில்ல.)

"காத்து வேண்டாங்களாக்கா?"

"காத்து வேணும் மேடம். ஆனா மூணு மணிக்கு மேல நீங்களே இங்கன உக்காந்து பாருங்க."

ஒரு ஜன்னல் துணிய மட்டும் எடுத்துட்டு, அவங்க சேர்ல உக்காந்தேன்.

மேக்கு வெயில் வெள்ளைத் துணி மேல நேரா விழுது. கண்ணு கூசி, ஊசி எங்க இருக்குதுன்னே தெரியல.

அப்பறம் பாலக்காட்டுக் காத்து ஒரு வீசு வீசுச்சு. வெட்டி அடுக்கி வெச்ச பீஸெல்லாம் தரையில.

"அழுக்குப் பட்டா செக்கிங்ல தூக்கிப் போட்டுருவாங்க. ஏச்சு வாங்குறது நாங்கதான?"ன்னாங்க அக்கா.

இத்தன வருஷமா மீட்டர் வெச்சுச் சூட்ட அளந்திருக்கேன். தைக்கறவங்க சேர்ல ஒரு மணி நேரம் உக்காந்ததில்ல.

"அப்ப காத்து எங்க வந்தா தொந்தரவு இல்லீங்க்கா?"

கொஞ்சம் யோசிச்சாங்க. "காலுக்கு வரட்டும்."

அம்புட்டுதான். எட்டு ஜன்னலையும் நானே மூடச் சொன்னேன். டேபிளுக்குக் கீழ, முழங்கால் உசரத்துல காத்து வர வழி. கூரைய ஒட்டி, சூடு வெளிய போக வழி.

நேத்து போயிருந்தேன். பீஸ் பறக்கல. ஒரு வழியக்கூட யாரும் அடைக்கல. உள்ள நின்னா மூச்சு முட்டல.

பக்கத்து ஷெட்டுக்கும் இதையே பண்ணீரலாம்னுட்டாரு ஓனர். சந்தோஷமாக் கெளம்பறப்ப மாரியம்மாக்கா வாசல் வரைக்கும் வந்தாங்க.

"பகல் பூரா இங்க இருக்கோம், சரி. எங்க லைன் வீட்ல ஜன்னலே கெடையாது மேடம். வரிசையா ஒத்த ரூமு, மேல ஷீட்டு. புள்ள தூங்கவே மாட்டேங்கு. அங்க எப்ப வாரீங்க?"

ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு அலைஞ்ச எனக்கு, இவங்க எங்க போய்ப் படுக்கறாங்கன்னு கேக்கத் தோணவே இல்ல.

ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

பல்லடம், சாமளாபுரம் பக்கம் லைன் வீடு வாடகைக்கு விட்டிருக்கறவங்க இதைப் படிக்கறீங்களா? செவுத்துல ஒரு ஓட்டை போட விடுவீங்களா?