எதிர்ப்பக்கம் பேசும் ஊர்

சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். எனக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. நேர் எதிரே கூட்டுறவுக் கைத்தறிக் கடை. அங்கே போகும் ஒவ்வொரு ஆளையும் பார்த்து வயிறெரிவது என் முழுநேர வேலை. பட்டிமன்ற நடுவராகப் போவது பகுதிநேர வேலை. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: 'இரண்டுமே வேண்டும்.' கைத்தட்டலும் விழும், இரண்டு பக்கத்து ஆட்களும் நம் கடையிலேயே துணி எடுப்பார்கள். “ஒரு தரமாவது ஒரு பக்கமா சொல்லிட்டு வாங்க” என்று சொல்லித்தான் என் மனைவி வழியனுப்பினாள்.

இந்த முறை தலைப்பு, 'மக்களுக்கு நன்மை தருவது முதலாளித்துவமா, சமதர்மமா?' கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூரில் கோயில் திருவிழா. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் போகப்போகப் புரியும்.

வெள்ளிமலைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். எனக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். முன் இருக்கைப் பெண்களுக்கு இலவசம். சமதர்மத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். கச்சிராயபாளையத்தில் ஒருவர் ஜன்னலுக்கே சூடான வடையைக் கொண்டுவந்து நீட்டினார். முதலாளித்துவத்துக்கும் ஒன்று போட்டேன். கோமுகி அணையைத் தாண்டியதும் மலை தொடங்கியது. சரிவெல்லாம் மரவள்ளி, அதற்கு மேலே காடு, முகத்தில் அடிக்கும் குளிர்காற்று. இந்த வயதில் தலையை வெளியே நீட்டி நடத்துநரிடம் திட்டு வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

மூன்றரை மணிக்கு வெள்ளிமலை. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஜீப்பில் போக வேண்டும், ஆளுக்கு முப்பது ரூபாய். ஓட்டுபவர் கோவிந்தன், அந்த ஊர்க்காரர், ஜீப்பும் அவருடையதே. பதினான்கு பேர் சேர்ந்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினார். புதிதாகப் போட்ட தார்ச்சாலை வழுக்கிக்கொண்டு போனது. தலைப்பு நன்றாக இருக்கிறதே என்று பேச்சுக் கொடுத்தேன்.

“அது வாத்தியாரு வெச்ச பேருங்க பாய்” என்றார். “ரோடு போட்டாச்சு. அரசாங்க பஸ்ஸ எங்க ஊரு வரைக்கும் வுடச் சொல்லி மனு குடுக்கலாமா, ஜீப்பே போதுமான்னுதான் பேச்சு. நீங்க இன்னா சொல்றீங்களோ அதாங்க முடிவு.”

பஸ் வந்தால் உங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்குத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார். அதன்பிறகு நான் வேடிக்கை பார்க்கவில்லை. வெளிநாட்டு அறிஞர்களின் மேற்கோள்களை வேலை மெனக்கெட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். ஒன்றும் உதவாது என்று தெரிந்துவிட்டது.

மாலை ஆறு மணி. கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. பஸ்ஸுக்காகப் பேச எழுந்தவர் கோவிந்தன். ஜீப்புக்காகப் பேச வந்தவர் சின்னப்பொண்ணு. வெள்ளிமலையில் காய்கறி விற்க, தினமும் போகவும் வரவும் முப்பது முப்பது கொடுப்பவர். ஆள் மாறிவிட்டதோ என்று விழித்தேன். சின்னப்பொண்ணுதான் விளக்கினார்: “ஆதாயம் இருக்குற பக்கம் யாரும் பேசக் கூடாதுங்க. சொந்தப் பக்கம் பேசுனா சத்தந்தான் ஜாஸ்தியாவுது.”

அவர் பேச்சு அருமை. மகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது கொட்டும் மழையில் ஜீப் வந்ததைச் சொன்னார். மரவள்ளி மூட்டைகளை பஸ்ஸில் யார் ஏற்றுவார்கள், தவறவிட்ட ஆளுக்காக எந்த பஸ் திரும்பி வரும் என்று கேட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. கோவிந்தனும் தன்னை மறந்து கைதட்டினார்.

பிறகு அவர் எழுந்து, “முப்பது ரூபா இல்லாதவங்க நடந்தே போறாங்க. நான் பார்த்துக்கினேதான் தாண்டிப் போறேன். பஸ்ஸுன்னா நிக்கும்” என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

யாரும் கைதட்டவில்லை. என் தொண்டை வரை அந்தப் பழைய தீர்ப்பு வந்துவிட்டது. சொந்த ஜீப் வைத்துப் பிழைக்கும் ஒருவரின் சோற்றில் கைவைக்க ஒரு கடைக்காரனுக்கு எப்படி மனம் வரும்? ஆனால் என் ஆதாயமும் அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று உறைத்தது. கோவிந்தனைப் பார்த்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பஸ் வரட்டும்” என்றேன்.

கோவிந்தன் துள்ளிக் குதித்தார். சின்னப்பொண்ணுவுக்கு வந்ததே கோபம்! மூட்டை விஷயத்தை நான் சரியாக எடைபோடவில்லையாம். ஊர் மூட்டைகளும் ராத்திரி அவசரமும் கோவிந்தன் ஜீப்புக்கே என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் மனுவில் கையெழுத்துப் போட்டார். மற்ற ஜீப்காரர்கள் முந்திக்கொண்டு தடுத்துவிடுவார்கள், அந்த மனு மேலே போய்ச் சேரும்வரை ஊர்ப் பெயர் வெளியே வரக் கூடாது என்றார்கள். பிறகு சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டேன். அந்த ருசிக்கு எந்தப் பக்கமும் கிடையாது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதே ஜீப்பில் இறங்கினோம். பேச்சில் சின்னப்பொண்ணுவை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை என்று கோவிந்தன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் ஒரு பெண் தலையில் விறகுக் கட்டோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். ஜீப் அவரைத் தாண்டியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பின்னோக்கி வந்தது. கோவிந்தன் இறங்கி விறகை வாங்கி மேலே போட்டு, அவரையும் ஏற்றிக்கொண்டார். வெள்ளிமலையில் நூறு ரூபாய் நீட்டினேன். எழுபதை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

மதியம் கடையில் இருந்தேன். மனைவி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். ஒருவர் வந்து கைத்தறிப் போர்வை கேட்டார். நம்மிடம் மூன்று தினுசு இருந்தது. “எதிர்க்கடையில இத விட நல்லா இருக்குங்க” என்றேன்.

அவர் தெருவைத் தாண்டிப் போனார். மனைவி எழுந்து வந்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.