மூன்று விரல் பள்ளம்

கிர்கிஸ்தானில் எங்கள் ஊர் கொச்கோரில் குருத் உருட்டத் தெரியாத பெண் கிடையாது. தயிரை வடிகட்டி, உப்புப் போட்டு, உருண்டை பிடித்து வெயிலில் காயவைப்பது ஒரு வித்தையா என்ன? ஆனால் அதை மாஸ்கோ வரைக்கும் விற்கலாம் என்று முதலில் சொன்னவள் ஜுராகான். அன்று ஊரே சிரித்தது. பதினைந்து வருடம் கழித்து, சிரித்தவர்களில் முப்பது பெண்கள் அவளுடைய ஆலையில் உருண்டை பிடித்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விரல் அழுத்திய பள்ளம் தெரிய வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

அவள் செய்த முட்டாள்தனம் ஒன்றுதான். தங்கை மகன் எல்தியாரை அல்மாட்டியில் படிக்கவைத்து, நிர்வாகி நாற்காலியிலும் உட்காரவைத்தாள். படித்து வந்த பிள்ளைக்கு உருண்டை பிடிக்கத் தெரியாது, வரைபடம் காட்டத் தெரியும். தன்னைப் போலவே கோட்டுப் போட்ட நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டான். தயிர் புளிக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்த மேதைகள் ஒரு வாரம் கூட்டம் போட்டார்கள்.

"முப்பது பேர் உருட்டறத ஒரு மெஷின் உருட்டிடும், பெரியம்மா."

"மெஷினுக்கு விரல் இருக்காடா?"

"அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

"உனக்கு எதுதான் விஷயம்? கழுத்துல தொங்குதே, அந்தத் துணியா?"

ஆலையில் பாதிப் பங்கு அவளுடையது. அவள் சம்மதிக்காமல் மெஷின் வராது. எல்தியார் சரியென்று தலையாட்டினான். அந்தப் பணிவைக் கண்டு அவளும் ஏமாந்தாள்.

ஒரு நாள் களிமண் தட்டோடு வந்தான். வாசலில் பதிக்க அவளுடைய விரல் அச்சு வேண்டுமாம். அழுத்திக் கொடுத்தாள். மறுவாரம் விருந்து. ஆடு அடித்து, நூறு பேரைக் கூட்டி, வெல்வெட் அங்கியை அவள் தோளில் போட்டான்.

"புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறோம். நீங்கதான் ஆசி கொடுக்கணும், பெரியம்மா."

என்ன ஆரம்பம் என்று கேட்டிருக்க வேண்டாமா? பெரியவளிடம் ஆசி கேட்டால் குறுக்குக் கேள்வி கேட்பது எங்கள் வழக்கமில்லை. உள்ளங்கையை விரித்து வாழ்த்தினாள். அப்படியே ஆகட்டும் என்று "ஓமின்" சொல்லி நூறு பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அப்புறம்தான் திரையை விலக்கினான். உள்ளே மெஷின். அது துப்பிய முதல் உருண்டையிலேயே அவளுடைய மூன்று விரல் பள்ளம்.

காகிதத்தில் மறுத்திருக்கலாம். ஆனால் சபையில் கொடுத்த ஆசியைக் கொச்கோரில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. முப்பது பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். அங்கியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு ஜுராகானும் வெளியேறினாள்.

இப்போது சந்தையில் ஒரு வாளியோடு உட்கார்ந்து, தானே உருட்டியதை விற்கிறாள். போன வாரம் தலைநகர் பிஷ்கெக்காரி ஒருத்தி இரண்டு உருண்டைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது போலிதானே, அக்கா? அசல்ல விரல் பள்ளமெல்லாம் அச்சு மாதிரி ஒண்ணா இருக்கும். இது ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகலையே."

ஜுராகான் தன் விரல்களைப் பார்த்தாள். தயிர் ஒட்டியிருந்தது.

"ஆமாம்மா, போலிதான். என் அசல் விரலெல்லாம் தங்கச்சி மகன்கிட்ட இருக்கு."