பானட்டில் பூசிய மஞ்சள்

அந்தக் கார் எங்களுடையது இல்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் எங்கள் சுவரை ஒட்டிய ஓலைக் கொட்டகையில்தான் நின்றது. கார்க்காரர் பழவேற்காட்டில் கருவாடு, இறால் வியாபாரம் செய்த பாய். கடற்காற்றின் உப்பு தகரத்தைத் தின்றுவிடும் என்று காரைத் தன் ஊர்ப் பக்கமே கொண்டுபோக மாட்டார். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கிடங்கு இருந்தது. கிடங்கை ஒட்டிய ஒற்றை அறையில் டிரைவரான என் வீட்டுக்காரரும் நானும் இருந்தோம். சனிக்கிழமை காலையில் முதலாளி பஸ்ஸில் வந்து இறங்குவார், காரில் ஏறிப் பட்டணம் போவார், ஞாயிறு சாயந்திரம் காரை எங்களிடம் விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறுவார். அணா போய் நயா பைசா வருவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது.

வேலை இன்னும் நிச்சயமாகவில்லை. "ஒரு மாசம் ஓட்டு, வண்டிய எப்டி வச்சிக்கிறன்னு பாக்கறேன்" என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார். வேலை போனால் அறையும் போகும். அதற்கு முன்னால் திருப்பாச்சூர் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில், நெல் மூட்டைகளுக்கு நடுவில், பழைய புடவையைத் திரையாகக் குறுக்கே கட்டிக்கொண்டு எட்டு மாசம் குடித்தனம் பண்ணினோம். என் ஓரகத்தியின் வாயைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காரைப் பற்றி எழுத இடம் இருக்காது. கவரைப்பேட்டை அறையில் கருவாட்டு நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் அறைக்கு ஒரு கதவு இருந்தது, கதவுக்கு உள்தாழ்ப்பாளும் இருந்தது. முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நான் சும்மா உட்கார்ந்து சிரித்தேன்.

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. காரைச் சுற்றி ஒரு முறை நடப்பார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கதவில் ஒரு இழுப்பு இழுப்பார், துணியைப் பார்ப்பார், மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். அந்த இழுப்புக்கு என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வாரமும் வியர்த்துப் போவார். கார் தயிராடை நிறம், பழைய பெயிண்ட், தொட்டால் விரலில் மாவு ஒட்டும். முதலாளி திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே கட்டளை, வண்டியை வெயிலில் நிறுத்தாதே, பெயிண்ட் வெளுத்துவிடும் என்பது. துடைப்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரு பழைய வேட்டித் துணி மட்டும்.

முதலாளி சொன்ன அந்த ஒரு மாசத்தின் கடைசி வாரத்தில் ஆயுத பூசை வந்தது. செவ்வாய்க்கிழமை. என் வீட்டுக்காரர் பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் ஒரு மோட்டார் நிற்கும்போது அதற்குப் பூசை போடாமல் இருப்பதா? மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்தேன். கண்ணாடி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தால் போதும். எனக்கோ வாசப்படிக்குப் பூசிப் பழகின கை. முன்னால் இருக்கிற பானட் மூடி முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தாராளமாகப் பூசினேன். மேலே குங்குமம், ஒரு செவ்வந்திச் சரம். அவர் பொரியோடு வந்து பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்டதைப் பிற்பாடு அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

புதன்கிழமை காலையில் துடைத்தேன். மஞ்சள்பொடி வந்தது, மஞ்சள் வரவில்லை. மாவாகிப்போன அந்தப் பழைய பெயிண்ட், மஞ்சளை உறிஞ்சி வைத்துக்கொண்டிருந்தது. சரி, கறைதானே என்று துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். பானட் சிவந்தது. கோழி அறுத்த இடம் போலச் சிவப்பு. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவக்கும், சவுக்காரம் பட்டாலும் அப்படித்தான் என்று தெரியாதவளா நான்? எத்தனை ஆரத்தி கரைத்திருக்கிறேன்! அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

"இன்னாடி பண்ணி வச்சிக்கிற?" என்றார் அவர்.

"சும்மா நிக்காதீங்க. தண்ணி ஊத்துங்க" என்றேன்.

பன்னிரண்டு குடம் இறைத்து ஊற்றினோம். சிவப்பு இறங்கியது, பழையபடி மஞ்சளில் வந்து நின்றுகொண்டது. அவர் மட்கார்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "சனிக்கெழம கைக்குட்டயே தேவயில்ல. பஸ்ல எறங்கும்போதே தெரிஞ்சிடும்" என்றார். எனக்கு என் ஓரகத்தியின் முகம்தான் கண்ணில் வந்தது. அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். நாங்கள் திரையாகக் கட்டியிருந்த அந்தப் புடவையை எடுத்துக் கொடியில் போட்டுவைப்பாள், அதுவே போதும்.

தீபாவளிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஐந்து ரூபாய் இருந்தது. நான் எடுத்து முந்தியில் முடிந்துகொண்டேன். அவரைப் போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக்காரன் முதலில் எதைக் காட்டுகிறானோ அதையே வாங்கிக்கொண்டு வருகிற மனுஷர் அவர். அன்றைக்கே பாசஞ்சர் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, விசாரித்து விசாரித்து, மவுண்ட் ரோடு பக்கத்தில் மோட்டார் சாமான் விற்கிற தெருவுக்குப் போனேன். கடை முழுக்க ஆம்பளைகள். நான் படியேறியதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"இன்னா வேணும்மா?" என்றார் கடையில் நின்ற குமாஸ்தா, வழி தவறி வந்தவளிடம் கேட்பதைப் போல.

"கார் துடைக்கிற சாமான்."

"எந்தக் கார்?"

"எங்க கார்" என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

அவர் வரிசையாக எடுத்து வைத்தார். பாலீஷ் டப்பா, மெழுகு டப்பா, பம்பருக்குத் தனி மருந்து, டயருக்குக் கறுப்பு, இறகுத் துடைப்பம், தண்ணீரை ஒற்றி எடுக்க ஒரு மெத்தென்ற தோல். எல்லாம் சீமைச் சரக்கு, டப்பாவைப் பார்த்தாலே ஒரு மரியாதை வந்தது. மொத்த விலையைக் கேட்டேன். எங்கள் சம்பளத்தில் பாதி. நான் முந்தியை அவிழ்த்துப் பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டேன். "இவ்ளோதான் கீது. இதுல முக்கியமானது எது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

என்ன நினைத்தாரோ, சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி அலமாரியில் வைக்க ஆரம்பித்தார். டயருக்குக் கறுப்பு வேணாம், தண்ணி விட்டுத் தேச்சா போதும். இறகுத் துடைப்பம் பணக்காரங்களுக்கு. பம்பருக்கு ஈரத் துணி போதும், சாம்பல் போட்டுடாத, கீறிடும். மெழுகு அடுத்த மாசம் வாங்கிக்கலாம். கடைசியில் சின்ன பாலீஷ் டப்பா ஒன்றும் ஒரு கெஜம் வெள்ளை ஃபிளானல் துணியும் நின்றன. தோலுக்குக் காசு போதாது. உள்ளே போய், ஓரம் கிழிந்த ஒரு தோலைக் கொண்டுவந்து பாதி விலைக்குப் போட்டார். எனக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வந்ததைப் போல இருந்தது.

"ரெண்டு வாளி வச்சிக்கோம்மா. ஒண்ணுல நல்ல தண்ணி, ஒண்ணுல துணி அலசறதுக்கு. அழுக்குத் துணியாலயே தேச்சா மண்ணு கோடு போட்டுடும். சவுக்காரம் மட்டும் பக்கத்துலயே கொண்டாராத."

நான் தலையை ஆட்டினேன். பிறகு மெதுவாக, "மஞ்சக் கறை பட்டா இந்த பாலீஷ் எடுக்குமா?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். "எடுத்தாலும் எடுக்கும். இல்லன்னா பானட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்." பெயிண்ட் என்ன விலை என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தோம். இரண்டு வாளி, ஃபிளானல், கிழிந்த தோல், எல்லாம் குமாஸ்தா சொன்னபடி. பாலீஷ் போட்ட இடம் பளபளவென்று வந்தது. கதவும் மட்கார்டும் நாங்கள் பார்க்காத ஒரு புதுக் காராக மாறின. பானட்டில் மாவு கழன்றது, மஞ்சளில் பாதி துணியோடு வந்தது. மீதிப் பாதி பளபளப்புக்குக் கீழே இன்னும் தெளிவாகத் தெரிந்தது. டப்பா காலி. என் வீட்டுக்காரர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் ஆத்திரத்தில் ஃபிளானலை அலசி வேலிமேல் விசிறி அடித்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

மத்தியானம் துணியை எடுக்க வந்தேன். வெயில் பட்ட பக்கம் வெள்ளையாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். வேலியில் மடிந்து கிடந்த உள்பக்கம் மஞ்சளாகவே இருந்தது.

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள். ரவிக்கைக் கழுத்தில் ஒட்டின மஞ்சள் வெயிலில் காயப் போட்டால் போய்விடுவதை அறியாத வயசிலிருந்து பார்க்கிறவள். கார் என்றதும் அது வேறு ஜாதிப் பொருள், அதற்கு டப்பாவில் அடைத்த மருந்துதான் வேலை செய்யும் என்று நினைத்துவிட்டேன். ஐந்து ரூபாயைச் செலவழித்து அந்த நினைப்பை வாங்கியிருக்கிறேன்.

"ஏங்க, எழுந்திரிங்க. வண்டிய வெளில தள்ளணும்."

"வெயில்லயா? முதலாளி இன்னா சொன்னாரு? பெயிண்ட் வெளுத்துடும்!"

"பெயிண்டே வெளுக்கற வெயில்ல மஞ்ச வெளுக்காதா? எது மொதல்ல போவும், சொல்லுங்க."

அவர் எழுந்து வந்தார். ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். பானட் தெற்கே பார்க்க நிறுத்தி, ஈரத் துணியால் அடிக்கடி நனைத்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணி நேரத்தில் மஞ்சள் மங்கியது கண்ணுக்கே தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டது. ஐப்பசிக்கு முன்னாலேயே மழை வந்துவிடும் போல இருந்தது. நான் மேகத்தைப் பார்த்துத் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வெயில் வெளியே வந்தது. வந்ததும் உறைக்க அடித்தது. நான் முக்காடு போட்டுக்கொண்டு காரின் பக்கத்திலேயே நின்றேன். நாலு மணிக்குத் தலை நிமிர்ந்து பார்த்தால், பஸ் நின்ற இடத்திலிருந்து முதலாளி வந்துகொண்டிருந்தார். கிடங்கில் சரக்கு ஏற்றுவதைப் பார்க்க ஒரு நாள் முன்னாலேயே புறப்பட்டுவிட்டாராம்.

கார் நட்டநடு வெயிலில் நின்றது. ஒளிக்க வழியே இல்லை. என் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கல்லாக நின்றார். முதலாளி சுற்றி வந்தார். கைக்குட்டையை எடுத்துக் கதவில் இழுத்தார், பார்த்தார். பிறகு பம்பரில் இழுத்தார். அதையும் பார்த்தார். பானட் முன்னால் வந்து குனிந்தார். வெயில் முழுசாகப் படாத ஓரத்தில், கண்ணாடிக்கு அடியில், ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் இன்னும் தங்கியிருந்தது.

"இது இன்னா? வண்டி ஏன் வெயில்ல கீது?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "அவர் மேல தப்பு இல்ல பாய். பூசைக்கு நான்தான் மஞ்ச பூசனேன். உங்கள கேக்கல. கறை புடிச்சிக்கிச்சி. வெயில்ல போவும்னு நான்தான் தள்ள வச்சேன்." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. சவுக்காரம், சிவப்பு, பட்டணம், பாலீஷ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

முதலாளி அந்த விரல் அகல மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கதவின் பளபளப்பில் தன் தாடியைப் பார்த்துக்கொண்டார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"பேஜாரு புடிச்ச வேல பண்ணிக்கினியே. பூசைன்னு சொல்லியிருந்தா வேணான்னா சொல்லப் போறேன்?" என்றவர், கிடங்கைப் பார்த்து இரண்டு எட்டு வைத்துத் திரும்பினார். "அடுத்த வருஷம் கண்ணாடில வையிம்மா. பெயிண்ட்ல வைக்காத."

அவர் கிடங்குக்குள் போனார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சொல்லிட்டுப் போறாரு? வேல கீதா, போச்சா?" என்று கேட்டார். அவர் காதில் திட்டு மட்டும்தான் விழுந்திருந்தது.

"அடுத்த வருஷம்னு சொன்னாருய்யா" என்றேன். காரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.