டப்பாவில் மிஞ்சிய நான்கு மொச்சை

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நாலாவது என் தங்கையின் மகள். நால்வரையும் கரை சேர்த்துவிட்டேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், அதனால் யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

என் மருமகளின் தாலிக்கொடி வீடு திரும்பிய கதை இது. மகன் பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். பம்பு சாமான் கடைந்து கொடுத்த இடத்தில் பணம் வராமல் நின்றது. கூலி கொடுக்க வழியில்லை. மருமகள் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, ஐந்து பவுன் கொடியைக் கழற்றி என் கையில் வைத்தாள். என் பெயரில் கூட்டுறவு சொசைட்டியில் அடகு வைத்தேன். மாதம் ஒன்றாக முப்பத்தாறு தவணை.

மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டேன்: "இனிமே ஊட்டுச் செலவு என்ற கையில. ஆரும் கணக்குக் கேக்கப்படாது."

மகன் தலையைச் சொறிந்தான். "பேக்கரி டீக்காச்சும் காசு குடுப்பீங்களாம்மா?"

"டீ குடிச்சுக்கோ. பப்ஸ் கிடையாது."

மூன்று வருடம் அவன் அடுத்தவர்கள் பப்ஸ் தின்பதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தான். குளிக்கிற தண்ணீருக்குத் தென்னை மட்டை எரித்தோம். கேஸ் சிலிண்டர் இரண்டு மாதம் வந்தது. சீரியல் பார்க்கும்போது விளக்கை அணைத்துவிடுவேன், டிவி வெளிச்சமே வெங்காயம் உரிக்கப் போதும்.

மொய்தான் கழுத்தைப் பிடித்தது. போகாமல் இருக்க முடியாது, போனால் குறைத்து எழுத முடியாது. நான் குறைத்தேன். ஐநூறு எழுத வேண்டிய இடத்தில் இருநூறு எழுதிவிட்டு, முதல் நாளே போய்க் காய் நறுக்கி, பந்தி முடிகிறவரை நின்றேன். ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரி ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏனுங்க்கா, உங்க மொய் எளைச்சுப்போச்சாட்ட இருக்குது?"

"மொய்தானே எளைச்சுது, நானு எளைக்கலியே. தள்ளி உக்காரு, பூசணிக்காய் அரியோணும்."

கடன் கணக்கை மொச்சைக்கொட்டையில் வைத்திருந்தேன். களத்தில் எங்கள் அப்பா கடலை அளந்த மாதிரியே எண்ணி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டேன். ஒரு தவணை கட்டினால் ஒரு கொட்டை வெளியே. சொசைட்டியில் கொடுத்த புத்தகத்தை மருமகள் ஒருமுறை பிரிக்கப் போனாள். "என்ற கணக்கு மேல நம்பிக்கை இல்லியா அம்மிணி?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு தொடவே இல்லை.

இந்தத் தை மாதம் உடுமலைப்பேட்டையில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "நானு வரலீங்கத்தை. நீங்க போய்ட்டு வாங்க."

"கல்யாணப் பொண்ணுக்கு அத்தைக்காரி நீ. நீயில்லாம எப்படி கண்ணு?"

"மூணு வருசமா எல்லா விசேசத்துலயும் கழுத்த மூடி மூடி நின்னுட்டனுங்க. பொறந்த ஊட்டுலயும் அப்படி நிக்கோணுமா? டப்பாவுல இன்னும் அஞ்சு கெடக்குதுங்களே."

ஐந்துதான் கிடந்தது. கல்யாணத்துக்குப் பதினோரு நாள்.

அந்த மாதத் தவணையைக் கட்டப் போகும்போது, என் ஆயுசில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்வதென்று முடிவு செய்தேன். யாரிடமும் தயவு கேட்டுப் பழக்கமில்லாதவள், பணத்தைக் கட்டிவிட்டு அங்கே உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட அம்மாவிடம் மெதுவாகக் குனிந்தேன்.

"அம்மிணி, இன்னும் நாலு தவணை பாக்கி. ஒரே ஒரு நாளைக்குக் கொடியைக் குடுத்தீன்னா, கல்யாணத்துக்குப் போட்டுட்டு மக்காநாளே கொண்டாந்து குடுத்துபோடறேன்."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எந்த நாலுங்கம்மா? இதோட முடிஞ்சுதுங்க."

"நல்லாப் பாரு அம்மிணி. நாலு இருக்குது."

"இல்லீங்கம்மா."

"இருக்குதுங்கறேன்!"

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "கடன் வாங்குனவங்க, பாக்கி இருக்குதுன்னு சண்டை போடறத இன்னைக்குத்தானுங்கம்மா பாக்கறேன்." புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணிக் காட்டினாள். முப்பத்தாறு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்று கொட்டுவார். அது வாங்குகிறவருக்குச் சும்மா. பிறகுதான் ஒன்று, இரண்டு. பத்து முடிந்ததும் மறுபடி ஒரு லாபம். நானும் அப்படியே முப்பத்தாறு கொட்டையை எண்ணியிருக்கிறேன். நான்கு லாபம் உள்ளே போய்விட்டது. கடனுக்குப் போய் லாபம் அளந்த மகராசி நான் ஒருத்திதான்!

சிரிப்பு வந்தது பாருங்கள், நிற்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், அதுவும் மூக்கில் ஏறியது. கொடியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஆட்டோவில் ஏறினேன். வழியில் பேக்கரியில் நிறுத்தி எட்டு பப்ஸ் வாங்கினேன்.

வாசலில் ஆட்டோவைக் கண்டதும் மருமகள் ஓடி வந்தாள். "ஏனுங்கத்தை, ஆட்டோவுல? மேலுக்குச் சொகமில்லீங்களா?"

சுருக்குப்பையை அவள் கையில் கவிழ்த்தேன். கொடியைப் பார்த்தாள், வாசல் கேட் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, சிரிப்பென்று தெரிந்தது.

"உங்க லாபத்த நம்பி, நானு கல்யாணத்துக்கே போகாம இருந்திருப்பனுங்களே!"

"போனாத்தானே மொய் செலவு?" என்றேன். ஒரு பப்ஸை எடுத்து என் வாயிலேயே திணித்தாள். மகன் வந்து மிச்சத்தில் நான்கைத் தின்றான். ஒன்றுக்குக்கூட விலை கேட்கவில்லை.

உடுமலையில் அவள் முந்தானை கழுத்துப் பக்கமே வரவில்லை. மொய்யும் ஐநூறுக்குத் திரும்பியது. மிஞ்சிய நான்கு மொச்சையையும் குழம்பில் போடச் சொன்னேன். "மூணு வருசக் கொட்டை, வெந்தா என்னைக் கேளுங்க" என்று டப்பாவோடு அலமாரியில் வைத்துவிட்டாள்.

கண்ணு, அந்தப் போனை வைத்துவிட்டு இங்கே வா. இவ்வளவும் பாட்டி எழுதியது. முதலில் இருந்து சத்தமாக வாசி பார்க்கலாம். லாபம் வருகிற இடத்தில் மட்டும், நான் சிரித்த பிறகுதான் நீ சிரிக்க வேண்டும்.