ஆக்சிலேட்டரை மிதித்தால் வந்த சத்தம்

அந்தப் பழைய காரை நான் வாங்கியதே என் மனைவிக்காகத்தான். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே இல்லையென்றால் அவள் படுக்கையில் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள். வண்டி வழியில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு.

ஒரு நாள் பாலத்தில் ஏறும்போது பின்சீட்டிலிருந்து அவள் சொன்னாள். நான் ஆக்சிலேட்டரை மிதிக்கிற போதெல்லாம் முன்பக்கம் மெல்லிசாக ஒரு சத்தம் வருகிறதாம். காலை எடுத்தால் அடங்கிவிடுகிறதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தி மிதித்துப் பார்த்தேன். எஞ்சின் வழக்கம்போல உறுமியது, அவ்வளவுதான்.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் டீசல் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். எஞ்சின்மேல் ஒரு கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இன்ஜினியர்களே என்னைக் கூப்பிட்டனுப்புவார்கள். அப்படிப்பட்டவனுக்கு இவள் சத்தம் கண்டுபிடித்துச் சொல்வதா என்று எனக்குள் ஒரு இளக்காரம். அதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்தேன். அவளை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரை ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டேன். வாட்டர் பம்ப் மேலும் வைத்தேன். ஒன்றுமில்லை. அவளோ, இதோ கீச்சுகீச்சென்று கேட்கிறதே என்று கையைக் காட்டினாள்.

"உடம்பு முடியாதவளுக்குக் காதுல ஆயிரம் சத்தம் கேக்கும். எஞ்சினைப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறியா?" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. பத்து நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரே ஒரு முறை, எதற்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடலாமே என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ரயில் எஞ்சினையே பிரித்து மாட்டினவன் கார் மெக்கானிக் வாசலில் போய் நிற்பதா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். என் வாயில்தான் போட வேண்டும்.

அடுத்த வாரம் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. திறந்து பார்த்தால் பெல்ட் அறுந்து தொங்குகிறது. பின்னால் பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டோவும் ஆளோடு போயிற்று. ஒன்று கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. அவள் படுக்கையில் வேறொருவர். சாயங்காலம்தான் இடம் என்றார்கள். ஏற்கனவே வீங்கியிருந்த கால். மத்தியானத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்தவளை ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு நாள் கழித்து, வண்டியை இழுத்துப் போயிருந்த சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் கூப்பிட்டார். பேரிங் தேய்ந்து ஆடிப்போன வாட்டர் பம்ப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பெல்ட்டை அறுத்தது இதுதான் என்றார்.

"ஒரு மாசமாவது கத்தியிருக்குமேங்க. கேக்கலையா?" என்றபடி அதைக் கையால் சுழற்றினார். அவருக்கே பல் கூசியது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சுழற்றச் சொல்லி, காதை அதன் பக்கத்தில் வைத்துக் குனிந்தேன். அப்போதும் இல்லை.

பொன்மலைக்காரர்கள் நாங்கள் எல்லோரும் உரக்கத்தான் பேசுவோம். சம்மட்டிச் சத்தத்தில் பழகி, வீட்டிலும் அப்படியே. என்னோடு வாழ்ந்து அவளும் உரக்கப் பேசப் பழகிவிட்டாள். அதனால் கீச்சுக்குரலும் மெல்லிய சத்தமும் எனக்கு எப்போதோ கேட்காமல் போனது யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தாள். "நீ சொன்னதுதான் சரி. நான்தான் முட்டாள்" என்றேன். காதைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்து, மாஸ்க்கைச் சற்றே விலக்கி ஏதோ சொன்னாள். உரக்கப் பேச அவளிடம் மூச்சு இல்லை. உதடு அசைந்ததுதான் தெரிந்தது. என்ன என்றேன். திரும்பவும் சொன்னாள். சொல்லிவிட்டு, கண்ணை எடுக்காமல் என் பதிலுக்குக் காத்திருந்தாள். மூன்றாம் முறை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"சரிம்மா, அப்படியே செய்யறேன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குச் செய்து கொடுத்த அந்த ஒரு சத்தியத்தை இன்னும் நிறைவேற்றாமல்தான் இருக்கிறேன்.