அக்கா மிதித்த பிரேக்

என் அக்கா தையல்காரி. ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கிளம்பினாள். ஆசையால் அல்ல, ரோஷத்தால். லாரி ஓட்டியே தலை நரைத்த அத்தானுக்குக் கண் மங்கிவிட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, குழந்தை மாதிரி துடைத்து வைத்திருந்த காரை விற்கப் பேசிவிட்டார். வாங்குகிறவர் அடுத்த மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

"அதுக்குள்ள நான் லைசென்ஸ் எடுத்துட்டா?" என்றாள் அக்கா.

"எடுத்தா விக்கலை. ஆனா, நீயா?" என்று சிரித்தார் அத்தான். சிரித்திருக்கக் கூடாது. மறுநாளே அக்கா டிரைவிங் ஸ்கூலில் நின்றாள். துணைக்கு நான், பின் சீட்டில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

மற்றதெல்லாம் சமர்த்தாக வந்தது. ரிவர்ஸ் எடுத்தால் தையல் போட்டது போல நேராகப் போவாள். அவசரமாக நிறுத்துவதில்தான் சிக்கல். மாஸ்டர் டேஷ்போர்டில் ஓங்கித் தட்டி, "குழந்தை குறுக்க வருது!" என்று கத்துவார். அக்கா உடனே இரண்டு காலையும் தூக்கிவிட்டு, வலக்கையால் கதவிலிருக்கும் கைப்பிடியைச் சுற்றி ஜன்னல் கண்ணாடியைக் கடகடவென்று இறக்குவாள். முப்பது வருஷப் பழக்கம்! காலை எடுத்து, வலப்பக்கச் சக்கரத்தில் கையை வைத்தால் தையல் மெஷின் நின்றுவிடும். கார் நிற்குமா?

"வண்டி நிக்கலை மேடம், காத்துதான் வருது!" என்று மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். "காலை எடுக்காதீங்க, மிதிங்க! பிரேக்கை நல்லா அழுத்துங்க. நிக்கப்போற நேரத்துல கிளட்ச். ரெண்டு கையும் ஸ்டியரிங்லயே இருக்கணும். ஹேண்ட்பிரேக்கெல்லாம் நின்ன பிறகுதான்!"

அக்கா விடுவாளா? வெட்டு மேஜைக்கு அடியில், தரையில் சாக்கட்டியால் மூன்று பெடல் வரைந்தாள். போகும்போதும் வரும்போதும் மேஜையில் தட்டுவது என் வேலை. தட்டியதும் இரண்டு காலும் தரையில் இறங்க வேண்டும், இரண்டு கையும் ஸ்டியரிங்குக்குப் பதில் நாடாச் சுருளைப் பிடித்தபடி அசையாமல் இருக்க வேண்டும். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் "என் பேன்ட் ரெடியா?" என்று மேஜையைத் தட்டிவிட்டார். அக்கா மிதித்த மிதியில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் மோதியது. அந்த மனிதர் பேன்ட்டைக் கேட்காமலே போய்விட்டார்.

தேர்வு நாள் வந்தது. நானும் அத்தானும் மைதானத்து ஓரம் நின்றோம். அக்கா பக்கத்தில் ஒரு பெண் அதிகாரி, மடியில் ஃபைலோடு, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அத்தானுக்கோ, தேர்வுக்குக் கொண்டுவந்த தன் கார்கூட வெறும் வெள்ளைத் தீற்றலாகத்தான் தெரிந்தது.

அதிகாரியின் ஃபைல் உயர்ந்தது. டப்!

கார் தரையில் ஆணி அடித்தது போல நின்றது. ஃபைலும் பேனாவும் தண்ணீர் பாட்டிலும் முன்கண்ணாடிக்குப் பறந்தன. ஜன்னல் கண்ணாடி இறங்கவே இல்லை!

"நின்னுட்டா அத்தான்!" என்று நான் குதித்தேன்.

"கேட்டுச்சு. வண்டி ஒரு பக்கமா இழுக்கலை, நேரா நின்னிருக்கு," என்றார் அத்தான். என் கையை நெரித்தே விட்டார். "அவசரப்படாத. திரும்பக் கிளப்புறப்போ ரெண்டு பக்கமும் பாக்குறாளா?"

"பாக்குறா. கண்ணாடியில பாத்தா, தலையைத் திருப்பியும் பாத்தா. இப்பதான் எடுக்குறா."

அத்தான் என் கையை விட்டார். அதிகாரி கீழே கிடந்த பேனாவைத் தேடி எடுத்து, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது மட்டும், "ஃபைலை இனிமே கீழ வெச்சுட்டுக் கையாலயே தட்டுறேன்," என்றாராம்.

வீட்டுக்கு அக்காவே ஓட்டினாள். பெண்டாட்டி ஓட்ட, அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தது. நானும் அக்காவும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. கடைத்தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்தபடி சட்டென்று குறுக்கே பாய்ந்தது. அக்கா மிதித்தாள். கார் நின்றது, சைக்கிள்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அத்தானின் கால் அப்போது மட்டும் அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. கார் வாங்குகிறவர். "நாளைக்குக் காலையில வந்துடட்டுமா?" என்று அவர் கேட்டது பின் சீட்டு வரை எட்டியது. அக்கா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஆனால் வேகத்தைக் குறைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க," என்றார் அத்தான். "வண்டி விக்கிறதா இல்லை. ஓட்ட எங்க வீட்ல ஆள் இருக்கு."